நடுங்காத நோயாளி

"மனுஷன் இதுவரைக்கும் கட்டின எந்த ரூமும், செஞ்ச எந்தப் பூட்டும் என்னை நாப்பது நிமிஷத்துக்கு மேல பிடிச்சு வெச்சதில்ல. இனிமேலும் வெக்காது" என்றார் பாஸ்.

முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தார். மறு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற மருத்துவமனை அங்கி போட்டிருந்தார். நாடா அவிழ்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இந்த ஐந்தாவது மாடி அறைக்குள் அவர் வந்து எழுபத்தோரு மணி நேரம் ஆகியிருந்தது.

நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். அவர் சொல்வதையெல்லாம் குறிப்பெடுப்பது உதவியாளனாகிய என் வேலை. நாடா என் வேலையில் வராது.

பாஸ் தொழில்முறைத் துப்பறிவாளர். விசிட்டிங் கார்டில் 'நிபுணர்' என்று போட்டிருக்கும், எதில் என்று போட்டிருக்காது. அந்தக் கார்டை நம்பி எங்கள் அலுவலகப் படியேறி வந்தவர்தான் பெரிய டாக்டர். 'பெரிய' என்பது பதவி, ஆள் ஐந்தடிதான். இந்த மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவுக்குத் தலைவி.

அவருடைய நோயாளி ஒருவர் மினிபஸ் ஓட்டுகிற பெண். நாற்பத்தாறு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. முதலில் பல்வலி என்று போயிருக்கிறார்; பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வலி பல்லோடு போகவில்லை. அடுத்தவர் சைனஸ் என்று மூக்குக்குச் சொட்டு மருந்து எழுதினார். கன்னம் மரத்துப்போனது. வலது இமை தானாகத் தொங்கிய பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தார். சர்க்கரை நானூற்றெண்பது. பெரிய டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கரித்துண்டு மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. அதில் துளி சுரண்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்ததும் குற்றவாளி அகப்பட்டது: அகல அகலமான நாடாக்களாகக் கிளைவிட்டு ஓடும் பூஞ்சை. பெயர் மியூகர்.

அதன் விதைகள் எல்லார் மூக்குக்குள்ளும் தினமும் தூசியோடு போய் வருகின்றன, நல்ல உடம்பு துரத்திவிடும் என்றார் டாக்டர். சர்க்கரை எகிறி, ரத்தத்தில் அமிலம் ஏறிப் புளித்துப்போன உடம்பு கிடைத்தால் மட்டும் தங்கிவிடும். ரத்தக்குழாயை அடைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். மூக்கிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து மூளைக்கு. வாரக் கணக்கில் அல்ல, நாள் கணக்கில்.

செத்த சதையை வெட்டி எடுத்தாயிற்று. இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கியாயிற்று. பூஞ்சை மருந்தும் தினமும் ஏறுகிறது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் பூஞ்சை நிற்க வேண்டும். நிற்கவில்லை. எட்டாம் நாள் எடுத்த ஸ்கேனில் கண்ணின் ஓரத்துக்கு வந்திருந்தது. யாரோ மருந்தை அடித்துக்கொண்டு போய்விட்டு மஞ்சள் தண்ணீரை ஏற்றுகிறார்கள் என்று டாக்டருக்குச் சந்தேகம்.

திட்டம் பாஸ் போட்டதுதான். காய்ச்சல் நோயாளியாக வேடமிட்டுப் பக்கத்துப் படுக்கையில் சேர்வது. நான் அவருடைய அக்கா மகனாகத் துணைக்கு இருப்பது. உண்மை பெரிய டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்று மாலையே அவர் மூன்று நாள் மாநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். இந்த அம்சம் திட்டத்தில் இல்லை.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு படுக்கை, நடுவே ஒரு திரை. பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி உள்ளே வரக்கூடாது என்று ஜன்னலைக் கனத்த பிளாஸ்டிக் தாளால் மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். ஏ.சி. ஓடும்போது அந்தத் தாள் உப்பும், பிறகு உள்வாங்கும், மறுபடி உப்பும். வெளியே காலையா மாலையா என்று தெரியாது. ஒரு பழுப்பு வெளிச்சம், அவ்வளவுதான். கதவு சிஸ்டரின் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். உள்ளே வந்த சத்தம்கூட வெளியே போக வழி தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

நாற்பது நிமிடக்காரர் மூன்று முறை முயன்றார். முதல் நாள், தனக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று சிஸ்டரிடம் சொன்னார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார் சிஸ்டர். இரண்டாம் நாள் அழுக்குத் துணி வண்டிக்குள் படுத்துக்கொண்டார். சலவைக்காரர் லிப்ட் வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, இத்தனை ஈரத் துணியை ஒரே வண்டியில் போட்டது யார் என்று சத்தம் போட்டுக் கொண்டுவந்து திருப்பிவிட்டார். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் டியூட்டி டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்: நான் நோயாளி இல்லை, மாறுவேடத்தில் வந்த துப்பறிவாளன். டியூட்டி டாக்டர் மிகுந்த பரிவோடு தலையாட்டிவிட்டு, சார்ட்டில் 'பிதற்றல்' என்று எழுதி, கட்டிலின் பக்கவாட்டுக் கம்பிகளைத் தூக்கி மாட்டச் சொன்னார். என்னைப் பார்த்து, எப்போதும் இப்படியா என்று கேட்டார். எந்த நிலையிலும் வேடத்தைக் கலைக்கக்கூடாது என்பது பாஸின் நிரந்தர உத்தரவு. காய்ச்சல் வந்தா மாமா இப்படித்தான் டாக்டர் என்றேன்.

அதற்கு எதிர்ப்புத் தெரிவித்துச் சாப்பிட மறுத்தார். உடனே குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

வழக்கும் அவரைப் போலவே நகராமல் கிடந்தது. எங்களிடம் இருந்தது ஒரே துப்பு, மருந்துக் குப்பி. கட்டைவிரல் உயரக் குப்பி; உள்ளே மஞ்சள் பொடி. சிஸ்டரின் பூட்டிய குளிர்பெட்டியிலிருந்து வருகிறது. பாஸ் கண்ணெதிரில் முத்திரை உடைபடுகிறது. ஊசியால் கரைத்து, கட்டிலோரத்து அலமாரியிலிருந்து எடுத்த பெரிய பாட்டிலுக்குள் செலுத்துகிறார் சிஸ்டர். இந்த மருந்துக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் பாட்டிலுக்குக் கறுப்புக் காகித உறை மாட்டித் தொங்கவிடுகிறார். ஆறு மணி நேரம் இறங்கும். எங்கேயும் கை மாறவில்லை. காலிக் குப்பிகளை நான் திருட்டுத்தனமாகப் பொறுக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நூற்றுக்கு நூறு அசல் மருந்து என்று பதில் வந்தது. பாஸ் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரை எல்லாரும் டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி முகத்தில் கட்டு. மீதிப் பாதியை வைத்துக்கொண்டே அறையை ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நல்ல சிநேகம் ஆகிவிட்டது. சர்க்கரை மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று என்னிடம்தான் சொன்னார். புதிதாகக் கொடுத்த மாத்திரை அடிக்கடி ஒன்றுக்குப் போக வைக்குமாம். அவருடைய ரூட்டில் ஆறு மணி நேரத்துக்கு இறங்க இடமில்லை. இருக்கிற இடங்களும் ஆம்பளைகளுக்கானவை. மாத்திரையை நிறுத்தினார், தண்ணீரையும் நிறுத்தினார். பஸ் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

அவருக்குத் துணை அவருடைய தம்பி. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கடை வைத்திருப்பவர்; நாங்கள் ஸ்டிக்கர்காரர் என்போம். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், பின்பக்கம் பிள்ளைகள் பெயர், நம்பர் பிளேட், எல்லாம் ஒட்டுவார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் தட்டையான ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்திருப்பார். மருந்து ஏறுகிற ஆறு மணி நேரமும் முக்காலியில் உட்கார்ந்து, குழாயில் விழுகிற சொட்டுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்.

இது பாஸுக்குப் பொறுக்கவில்லை. முதல் நாளிலிருந்தே கேலி. மூன்றாம் நாளும் என்னைக் கூப்பிட்டு, அவர் காதில் விழும்படியே சொன்னார். "பார்த்துக்கோ. மூளைக்கு வேலை இல்லாதவன் பண்ற வேலைக்கு இதுதான் உதாரணம். நீ எண்ணினா மருந்துக்கு ரோஷம் வந்து வேகமா வேலை செய்யுமா? கதவு திறந்திருந்தா நானெல்லாம் இங்க அரை நிமிஷம் இருக்க மாட்டேன். இவரு தானா வந்து உக்காந்து சொட்டு எண்றாரு."

ஸ்டிக்கர்காரர் திரும்பவில்லை. எண்ணிக்கை தவறிவிடுமே.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கண் சர்ஜன் வந்தார். உயரமான மனிதர், குனிந்து பேசிப் பேசி அப்படியே வளைந்துவிட்டவர். டிரைவரக்காவின் கட்டைப் பிரித்து, கண்ணில் வெளிச்சம் அடித்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். வெளிச்சம் தெரியுது, விரல் தெரியல என்றார் அக்கா. சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. பூஞ்சை கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கு அடுத்த வீடு மூளை. மருந்து தடுக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வலது கண்ணை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிராவது தப்பும். பெரிய டாக்டர் ஒன்பதரைக்கு வந்துவிடுவார், அவரும் பார்க்கட்டும் என்று சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டினார்.

ஸ்டிக்கர்காரர் சுவரைப் பார்த்து நின்றார். அக்கா படிவத்தை வாங்கி, இருக்கிற ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து முழுதாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். சர்ஜன் போன பிறகு என்னைப் பார்த்து, "ஒரு ஹெட்லைட்டை வெச்சுக்கிட்டு பஸ் ஓட்ட லைசென்ஸ் தர மாட்டாங்க, இல்ல தம்பி?" என்றார்.

நான் அவருடைய தலையணையை நிமிர்த்தி வைத்தேன்.

பாஸ் திரைக்கு இந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தார். பக்கவாட்டுக் கம்பிகள் மாட்டியபடியே இருந்தன. முந்தின நாளிலிருந்து அவர் பார்ப்பதற்கு அங்கே இருந்த ஒரே காட்சி தலைக்கு மேல் தொங்கும் குளுக்கோஸ் பாட்டில்தான். அதையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், அக்காவின் சார்ட்டை எடுத்து வா என்றார். நான் திரைக்குக் கீழே கையை நீட்டிக் கட்டில் காலில் தொங்கிய சார்ட்டை உருவினேன். கண் தெரியாத பக்கம் என்பதால் அக்கா கவனிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கிறது.

முதல் நாளிலிருந்து வாசி என்றார். வாசித்தேன். மருந்து ஏறிய முதல் நாள்: கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், காய்ச்சல் நூற்றிரண்டு, சர்க்கரை ஏற்றம், இன்சுலின் கூட்டப்பட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. கூடவே ரத்தத்தில் பொட்டாசியம் இறக்கம், கிட்னி கொஞ்சம் முனகல். மூன்றாம் நாள் நடுக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. பொட்டாசியம் சரி, கிட்னி சரி. மருந்து ஏறிய பின் சர்க்கரை உயரவே இல்லை. நாலாம் நாளும் இல்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் இல்லை. ஓரத்தில் டியூட்டி டாக்டர், 'உடம்பு மருந்தை நன்றாக ஏற்றுக்கொண்டது' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

அந்த நேரம் சிஸ்டர் தட்டோடு உள்ளே வந்தார். பாஸ் அவரிடம், இந்த மருந்துக்கு உங்களுக்குள் என்ன பெயர் என்று கேட்டார். நடுக்க மருந்து என்றார் சிஸ்டர். யாருக்கு ஏற்றினாலும் நடுங்குவார்கள், போர்வையை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஏற்றவே ஆரம்பிப்போம். ஆனால் இந்த அக்காவுக்கு மூன்றாம் நாளோடு நின்றுவிட்டது, புண்ணியம் செய்தவர்.

பாஸ் எழுந்து உட்கார்ந்தார். கம்பியில் தலை இடித்தது.

"டேய், எல்லாரும் அந்தம்மாவுக்கு ஏன் சரியாகலன்னு தேடுறோம். அது கேள்வியே இல்லடா. அவங்களுக்கு ஏன் ஒண்ணுமே ஆகலங்கிறதுதான் கேள்வி. குப்பியில இருக்கிறது அசல். கையில ஏறுறது அசல் இல்ல. அப்ப நடுவுல என்ன இருக்கு?"

நடுவில் இருந்தது பெரிய பாட்டில். சிஸ்டர் அலமாரியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்திருந்தார், கறுப்பு உறை இன்னும் மாட்டவில்லை. பக்கத்தில் உடைக்காத குப்பி. இன்னும் கலக்கவில்லை. பாஸ் அந்தப் பாட்டிலைப் பார்த்தார், தன் தலைக்கு மேல் தொங்குவதைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். இரண்டும் ஒரே கம்பெனி. இரண்டிலும் ஒரே லேபிள்: ஐந்து சதவீத குளுக்கோஸ்.

என்னைக் குனியச் சொல்லிக் காதில் கேட்டார், வித்தியாசம் தெரிகிறதா என்று. எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க மல்லாந்து கிடந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அவருடைய பாட்டிலில் லேபிள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நடுவே நெல்மணி அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி. அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பைத்தியமே பிடிக்க இருந்ததாம். மிஷின் ஒட்டுவது அப்படித்தான் இருக்கும். தட்டில் இருந்த பாட்டிலில் லேபிள் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

சிஸ்டர் முதலில் பாஸுக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டிய நேரம். ஊசியை எடுத்தார். என் விரல் வேண்டாம், அந்தப் பாட்டிலுக்குச் சர்க்கரை பாருங்கள் என்றார் பாஸ். சிஸ்டரின் முகம் இளகியது. சார்ட்டில் 'பிதற்றல்' என்று இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சரிங்க, பார்க்கலாம், முதல்ல கையக் குடுங்க என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். பாஸ் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். சிஸ்டர் ஆள் கூப்பிட மணியை அழுத்தப் போனார்.

கதவு திறந்தது. பெரிய டாக்டர், கையில் பயணப் பெட்டியோடு.

இவர் ஒரு மாதிரிப் பேசுகிறார் மேடம் என்று சிஸ்டர் புகார் சொன்னார். எனக்குத் தெரியும், உடம்பு நன்றாக இருக்கும்போதும் இப்படித்தான் பேசுவார், என்ன சொல்கிறாரோ செய்யுங்கள் என்றார் பெரிய டாக்டர்.

பாஸின் பாட்டிலிலிருந்து ஊசியால் ஒரு துளி எடுத்து மீட்டரின் பட்டையில் வைத்தார் சிஸ்டர். மீட்டர் எண்ணே காட்டவில்லை. அளவு தாண்டிவிட்டது என்று 'ஹை' காட்டியது. குளுக்கோஸ் தண்ணீர் அப்படித்தானே காட்ட வேண்டும். அடுத்து தட்டில் இருந்த பாட்டிலிலிருந்து ஒரு துளி. மீட்டர் யோசித்தது. 'லோ.'

இன்னொரு பட்டை. 'லோ.'

பெரிய டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். அந்தப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் சிரிஞ்சில் எடுத்து, குப்பியை உடைத்துக் கரைத்த மருந்தில் சில துளி அதற்குள் விட்டு, வெளிச்சத்தில் பிடித்தார். தெளிவாக இருந்த மஞ்சள் கொஞ்ச நேரத்தில் கலங்கியது. பிறகு திரிந்த பால் மாதிரி துகள் துகளாகப் பிரிந்து மிதந்தது.

உப்புத் தண்ணீர், என்றார். இந்த மருந்தைக் குளுக்கோஸ் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கலந்தால் திரிந்துபோகும், அப்புறம் அது மருந்தே இல்லை. திரிந்தது யாருக்கும் தெரியாதபடி மேலே கறுப்பு உறை. பத்து நாளாக ஏறியது இதுதான்.

சிஸ்டர் பாட்டிலை எடுத்து மறுபடி வாசித்தார். லேபிளைப் பார்த்துத்தான் மேடம் கலந்தேன், தினமும் ரெண்டு தடவை வாசிப்பேன் என்றார். உண்மைதான், லேபிளில் பிழையே இல்லை. பாட்டில் எங்கே இருந்தது என்று கேட்டார் டாக்டர். கட்டிலோரத்து அலமாரியில். மருந்துக் கடையிலிருந்து வாங்கி அங்கே வைப்பது துணைக்கு இருப்பவரின் வேலை.

நான் கதவை நோக்கி ஒரு அடி வைத்தேன், ஓடினால் பிடிக்கலாம் என்று. யாரும் ஓடவில்லை. ஓடுவதற்குத்தான் அந்த அறையில் வழியே கிடையாதே. ஸ்டிக்கர்காரர் திரையோரம் நின்றுகொண்டிருந்தார். என்ன பேசுகிறோம் என்று அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது.

பாஸ் அவரைக் குற்றம் சாட்டவில்லை. விரலை நீட்டிக் கர்ஜிப்பது அவருக்கு மிகவும் பிடிக்கும். அதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார் என்று எனக்கொரு எண்ணம் உண்டு. அன்று தன் குளுக்கோஸ் பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றி, இதைக் கொஞ்சம் பிடிங்க என்று அவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஸ்டிக்கர்காரர் வாங்கினார். கண் லேபிளுக்குப் போனது. குமிழியில் நின்றது. வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அந்த பிளாஸ்டிக் பட்டையை எடுத்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. குமிழி போய்விட்டது. கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார். நாலு பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பட்டையைத் திரும்பப் பைக்குள் வைக்க முயன்றார். பை வாய் அகப்படவில்லை.

"ரெண்டாம் நாள் நீங்கதானே டாக்டர் சொன்னீங்க" என்றார். "சர்க்கரைதான் இந்தப் பூஞ்சைக்குச் சோறுன்னு. அதுக்குச் சோறு கிடைக்காமப் பார்த்துக்கணும்னு. அன்னைக்கு பாட்டிலைப் படிச்சுப் பார்க்கிறேன், குளுக்கோஸ்னு போட்டிருக்கு. மருந்தைக் குடுத்துக்கிட்டே சோறும் போடுறாங்களேன்னு சிஸ்டர்கிட்டக் கேட்டேன். டாக்டர் எழுதினதை மாத்த முடியாதுன்னுட்டாங்க. அதான் சர்க்கரை இல்லாத பாட்டில் வாங்கி... லேபிளை மட்டும் சூடு காட்டி எடுத்து... மாத்தி ஒட்டின அன்னைக்கே அக்காவுக்கு நடுக்கம் நின்னுடுச்சு. நான் நல்லதுதான் பண்ணியிருக்கேன்னு நினைச்சேன்."

பெரிய டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இன்னும் சின்னவராகிவிட்டார். அந்தச் சர்க்கரைக்காகத்தான் இன்சுலினைக் கூட்டிப் போட்டோம் என்று மெதுவாகச் சொன்னார். கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தோம். உங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. சோறு என்று சொன்னதோடு நான் போய்விட்டேன்.

திரை இழுபட்டது. டிரைவரக்கா அதைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒற்றைக் கண்ணால் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். அக்கா அழுதிருந்தால் எங்களுக்கெல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

"சின்ன வயசுலேருந்து ஒட்டுறதெல்லாம் நேரா ஒட்டுவ. யோசிக்கிறது மட்டும் கோணல்" என்றார். "இங்க வாடா."

தம்பி போனார். முதுகில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. அந்தக் கை அதற்கப்புறம் முதுகை விட்டு எடுபடவில்லை.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. பெரிய டாக்டர் போனிலேயே கண் சர்ஜனை மறித்தார். இதுவரை மருந்து தோற்கவில்லை, மருந்து போய்ச் சேரவே இல்லை என்றார். வெளிச்சம் தெரிகிற கண் அது. நாற்பத்தெட்டு மணி நேரம் கொடுங்கள். அந்தப் பக்கம் சர்ஜன் வெகுநேரம் பேசினார். கடைசியில் ஒப்புக்கொண்டது இது: நாலு மணிக்குக் கண்ணை எடுக்க வேண்டாம், சைனஸில் மறுபடி செத்திருக்கும் சதையை மட்டும் சுத்தம் செய்வது, கண்ணுக்குப் பின்னால் நேரடியாக மருந்தை ஊசியாகப் போடுவது, ஏற்றுகிற மருந்தை இப்போதே ஒழுங்காக ஆரம்பிப்பது. இரண்டு நாள் கழித்து ஸ்கேன். அதிலும் பூஞ்சை முன்னேறியிருந்தால் கண் போகும், பேச்சே கிடையாது. அக்காவிடம் டாக்டர் இதை ஒரு வார்த்தை ஒளிக்காமல் சொன்னார். இனிமேல் பாட்டிலில் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று தம்பிக்கும் சொல்லிவிட்டுத்தான் தொங்கவிடுவது என்றும் சொன்னார்.

மருந்துக் கடையிலிருந்து புதுப் பாட்டில் சிஸ்டர் கையிலேயே வந்தது. லேபிள் நன்றாகக் கோணலாக இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைத் திருப்தியோடு பார்த்தோம்.

மருந்து இறங்க ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் டிரைவரக்காவுக்குப் பல் கிட்டியது. தோள் உதறியது. கட்டில் கடகடவென்று ஆடியது. சிஸ்டர் போர்வை மேல் போர்வையாகப் போட்டார், நடுக்கத்துக்கு ஊசி போட்டார். முதல் கியர்ல மேட்டுல ஏறுற மாதிரி இருக்கு என்று அக்கா பல்லுக்கிடையில் சொன்னார். ஒரு மனுஷி நடுங்குவதைப் பார்த்து ஒரு அறையே சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஸ்டிக்கர்காரரால் மட்டும் பார்க்க முடியவில்லை. வெளியே போய்க் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பெரிய டாக்டர் போகிற வழியில் பாஸின் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பக்கவாட்டுக் கம்பிகள் இறங்கின. கையிலிருந்த ஊசியை எடுத்தார்கள். சிஸ்டர் கதவை அகலத் திறந்து, திறந்தபடியே நிற்க முட்டுக்கொடுத்து வைத்தார். தாழ்வாரத்தின் கோடியில் மூடாத ஜன்னல் ஒன்று. அதில் நிஜமான வெயில் தெரிந்தது.

நான் கீழே போய் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரரை நிறுத்தி வைத்துவிட்டு, வெளியே விற்ற தேநீரில் ஒன்று குடித்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. பாஸ் வரவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. மேலே ஏறிப் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. நடுக்கம் அடங்கி டிரைவரக்கா கண்ணயர்ந்திருந்தார். போர்வைக் குவியலுக்குள்ளிருந்து மூக்கு நுனியும் கட்டும் மட்டும் தெரிந்தன. பாஸ் சொந்த உடைக்கு மாறியிருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்தார், தலை அண்ணாந்திருந்தது, உதடுகள் லேசாக அசைந்தன.

ஆட்டோ நிக்குது பாஸ் என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். விரல் இறங்கவில்லை. குழாயில் ஒரு மஞ்சள் சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது.